சுஜாதா பார்த்த வளையம்

ஆறுமுகசாமியும் சுஜாதாவும் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மேலே குடியிருக்கிறார்கள். குன்னூர் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் அவர்களுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. இந்தக் குளிரில் மின்விசிறிக்கு வேலையில்லை என்றாலும் மிக்ஸி புகையும், கிரைண்டர் நிற்கும், தேயிலைத் தொழிற்சாலைகளில் ஏதாவது ஒரு மோட்டார் கருகிக்கொண்டே இருக்கும். பெரிய மோட்டார்களை ஆறுமுகசாமி பார்ப்பார். மிக்ஸிக்குள் இருக்கும் தலைமுடி போன்ற செம்புக் கம்பி சுஜாதாவின் கைக்குத்தான் அடங்கும்.

இதை எழுதலாமா என்று சுஜாதாவிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா அவரைக் கெட்டவராட்டம் காட்டீராதீங்க" என்றார். கெட்டவர் என்று யாருமே இதில் இல்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை நெஞ்சை அழுத்துகிறது.

ஆறுமுகசாமிக்கு வானத்தைக் காட்டிக்கொடுத்தவர் லெஸ்லி. வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் சிவிலியன் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தண்ணீர் மோட்டார் பழுதென்று அவர் வீட்டுக்குப் போன ஆறுமுகசாமி, தோட்டத்தில் மூன்று காலில் நின்ற டெலஸ்கோப்பில் சனிக்கிரகத்தைப் பார்த்துவிட்டு, கொண்டுபோன ஸ்பேனரை அங்கேயே மறந்துவிட்டு வந்தார். அடுத்த வருடமே சொந்தமாக ஒன்று வாங்கினார். வெள்ளைக் குழாய், அவர் கை நீளம்.

அதற்குப் பிறகு அவர் பார்த்ததை விடப் பார்க்காமல் விட்டதுதான் அதிகம். மலையில் இருப்பவனுக்கு வானம் பக்கம் என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வானத்துக்கும் நமக்கும் நடுவில் மேகமும் இங்கேதான் குடியிருக்கிறது. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை, மீதி நாளில் பனிமூட்டம். வெள்ளிக்கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போன அன்று, இனி நூறு வருடத்துக்கு மேல் ஆகும் என்று சொன்ன அந்தக் காலையில், குன்னூரில் சூரியனே எழவில்லை. அதற்கடுத்த வருடம் பெரிதாக வரும் என்று சொன்ன வால்நட்சத்திரம் சூரியனைச் சுற்றப் போய் அங்கேயே சிதறிப்போயிற்று. கிரகணம் என்றால் சாரல், எரிநட்சத்திரம் என்றால் மூட்டம். கடைசியில் அவர் மொட்டைமாடிக்கு டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு ஏறினால் எங்கள் தெருப் பெண்கள் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவது வழக்கமாகிவிட்டது. என் மனைவியும் ஓடியிருக்கிறாள். அவர் சிரித்துக்கொள்வார். ஆனால் இறங்கி வரும்போது முகத்தைப் பார்த்தால், பெண் கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்த மாதிரி இருக்கும்.

சுஜாதாவுக்கு இதிலெல்லாம் பெரிய நாட்டமில்லை. கூப்பிட்டால் வந்து ஒரு கண்ணை வைத்துப் பார்த்து, "நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவார்.

2019 டிசம்பர் கடைசியில் வளைய சூரிய கிரகணம் வந்தது. சூரியனின் நடுவை நிலா மறைத்து, சுற்றிலும் நெருப்பு வளையம் மட்டும் தெரியும். அந்தப் பாதை நேராக நீலகிரி மேல் போகிறது என்று ஆறுமுகசாமிக்குப் பல வருடமாகத் தெரியும். மகள் சுவாதி கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த தேதி அவருக்கு நினைவில்லை. இந்தத் தேதி இருந்தது.

லெஸ்லி ஒரு வாரம் முன்பே சொன்னார். "ஆறுமுகம், மேட்டுப்பாளையம் போயிடலாம். கீழேயும் வளையம் தெரியும். இங்க மிஸ்ட் வந்தா என்ன பண்ணுவே?"

"இல்லீங்க சார். இத்தனை வருசம் இந்த மலைல நின்னு ஏமாந்திருக்கேன். இது நம்ம மலை மேல வருது. இங்க நின்னுதான் பாக்கோணும்."

லெஸ்லி தனியாகக் கீழே போனார்.

அன்று காலை ஆறுமுகசாமி ஆம்னி வேனில் டெலஸ்கோப்பை ஏற்றினார். மோட்டார் வேலைக்குப் போய்ப் பழகிய ஒரு எஸ்டேட்டில், தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த வெற்று மேட்டில் நின்று பார்க்க அனுமதி வாங்கியிருந்தார். கிளம்பும் நேரத்தில் சுஜாதா சால்வையைப் போர்த்திக்கொண்டு வேனில் ஏறினார். கிரகணத்தன்று பெண்கள் வெளியே போகக் கூடாது என்று அவர் அம்மா காளியம்மாள் அன்னூரிலிருந்து போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஏன் போனீர்கள் என்று பின்னாளில் கேட்டேன்.

"இதுவும் மூடிட்டா அந்த மனுசன் தனியா அங்க நின்னு என்ன பண்ணுவாருன்னு நெனச்சேனுங்க. அவ்வளவுதான்."

மேட்டில் நின்றபோது வானம் திறந்துதான் இருந்தது. டெலஸ்கோப்பின் முன்வாயில் சூரிய ஃபில்டரை மாட்டினார். கண்ணாடித் தாள் போலப் பளபளக்கும் அது வெளிச்சம் முழுவதையும் வடித்துவிட்டு, ஆரஞ்சு நிறத் தட்டாக சூரியனைக் காட்டும். அதன் ஓரத்தில் முதல் கடி விழுந்ததை இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். சூரியன் பிறையாக மெலிந்துகொண்டே வந்தது. வெயில் சாயம் போன மாதிரி வெளுத்தது, குளிர் ஏறியது. தேயிலைப் பாத்திகளுக்குக் கீழே பள்ளத்திலிருந்து மூட்டம் எழுந்து வந்தது.

சத்தமில்லாமல் வந்து மேட்டை மூடிக்கொண்டது. ஃபில்டர் வழியாக இப்போது ஒன்றுமே தெரியவில்லை, வெறும் கறுப்பு. வெறுங்கண்ணால் நிமிர்ந்து பார்த்தால் மூட்டத்துக்குள் பிறைச் சூரியன் நிலா மாதிரி வெளிறித் தெரிந்தது, கூசவே இல்லை. வளையம் விழ இன்னும் சில நிமிடமே இருந்தது. ஆறுமுகசாமி ஃபில்டரைக் கழற்றினார்.

அதை எப்போதும் யாரிடமும் அவர் மறைத்ததில்லை. செய்யக் கூடாததில் முதல் காரியம் அது என்று அவருக்குத் தெரியும். "மூட்டமே ஃபில்டராட்டம் இருந்துதுங்க" என்றார் என்னிடம். ஒரு முறை பார்த்தார். பால் நிறத்தில் மெல்லிய பிறை, கொம்புகள் இரண்டும் சுற்றி வளைந்து ஒன்றையொன்று தொடப்போகிற நிலை. கண் கூசவில்லை. அத்தனை வருட ஏமாற்றத்துக்குப் பிறகு அந்த அழகைத் தனியாகப் பார்க்க அவருக்கு மனமில்லை. தள்ளி நின்றுகொண்டு, "சுஜா, வா வா, இப்ப சேரப்போகுது பாரு" என்றார்.

சுஜாதா வலது கண்ணை வைத்தார்.

"ஏனுங்க, வளையமுங்க" என்றார்.

அந்த நேரம் மூட்டம் கிழிந்தது. மேட்டில் வெயில் விழுந்து தம் நிழல் தரையில் வந்ததைப் பார்த்துத்தான் ஆறுமுகசாமிக்கு உறைத்தது. "எடு! கண்ணை எடு!" என்று கத்தி சுஜாதாவின் தோளைப் பிடித்து இழுத்தார். நிமிர்ந்து வானத்தைப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது மூட்டம் மறுபடி மூடியிருந்தது. அது விலகும்போது வளையம் முடிந்து, சூரியன் மறுபக்கம் பிறையாகியிருந்தது.

சுஜாதாவுக்கு வலியே இல்லை. கண்ணுக்குள் பச்சையாக ஏதோ மிதக்கிறது, சரியாகிவிடும் என்றார். வீட்டுக்கு வந்து சாதம் வடித்தார். மத்தியானம் கடையில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்தபோது, இடது கண்ணைத் தேய்ப்பதற்காக மூடினார். கையிலிருந்த காயில் காணாமல் போயிற்று. கை இருந்தது, மேசை இருந்தது, விரல்களுக்கு நடுவில் ஒன்றுமில்லை.

சுவாதி கோயம்புத்தூரில் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். விழித்திரையின் நடுவில் சுட்டிருக்கிறது, ஓரப் பார்வை இருக்கும், நடுப் பார்வை திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். கண்ணுக்குள் வலி தெரிகிற இடமே அது இல்லையாம், அதனால்தான் சுட்டது தெரியவில்லையாம். எப்படி ஆயிற்று என்று கேட்டார். "நான்தான் ஃபில்டரைக் கழட்டுனேன்" என்றார் ஆறுமுகசாமி. சுவாதி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து ஒரு வருடம் அம்மாவிடம் மட்டுமே போனில் பேசினாள்.

திரும்பவில்லை, அந்தப் பார்வை. ஒரு கண் இருக்கிறதே என்று எல்லோரும் ஆறுதல் சொன்னோம். சுஜாதாவும் அதையே சொன்னார். டீ ஊற்றினால் டம்ளருக்கு வெளியே ஊற்றியது, படி இறங்கத் தடுமாறியது எல்லாம் சில மாதத்தில் பழகிவிட்டது. மிக்ஸி காயிலைக்கூட மறுபடி கட்டத் தொடங்கினார். நான் கொண்டுபோன மிக்ஸியை அவர்தான் சரி செய்தார், இன்றும் ஓடுகிறது.

ஆனால் அந்தக் கண் சும்மா இருக்கவில்லை. பார்வை போன இடம் கறுப்பாக இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி இல்லையாம். சுற்றிலும் என்ன நிறம் இருக்கிறதோ அதை எடுத்து அந்த ஓட்டையை மூளையே அடைத்துவிடுமாம். ஒருநாள் மாலை எங்கள் வீட்டு வாசலில் நின்று எதிர்ச்சரிவைக் காட்டி எனக்கு விளக்கினார். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அந்தப் பாதைல ஒரு அம்மா கூடை மாட்டிட்டு வாராங்கள்ல?"

"ஆமா."

"எனக்கு இல்லீங்க. வெறுந்தேயிலைதான் தெரியுது. பாதைகூடச் சேர்ந்துபோச்சு. ஆள் நின்ன தடமே இல்லை." கையை எடுத்தார். "இப்ப வந்துட்டாங்க."

அவர் அதை விளையாட்டாகச் செய்யவில்லை. நாளில் பல முறை அப்படிப் பொத்திப் பார்த்துக்கொள்கிறார் என்று பிறகு கவனித்தேன். தெருவைப் பார்ப்பார், கடையில் நிற்கிறவர்களைப் பார்ப்பார். ஆட்களை இல்லாமல் ஆக்கிப் பார்ப்பது போல இருக்கும்.

ஆறுமுகசாமியையும் பார்த்திருக்கிறார். முதல் முறை அது நடந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே சுஜாதா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் தம்மையே பார்ப்பதைக் கண்டு, "என்ன தெரியுது?" என்றார்.

"சட்டை தெரியுது. செவுரு தெரியுது. நீங்க இல்லை."

கோபமில்லாத குரல். அதுதான் தம்மைக் கொன்றது என்றார் ஆறுமுகசாமி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாராம். தூக்கத்தில் அவள் "மூடுங்க, மூடுங்க" என்று சொல்வதுண்டு என்றும், எதை மூடச் சொல்கிறாள் என்று கேட்கத் தமக்குத் துணிவில்லை என்றும் சொன்னார்.

டெலஸ்கோப்பை லெஸ்லியிடம் கொடுத்துவிட்டார். லெஸ்லி மேட்டுப்பாளையத்தில் வளையத்தை முழுதாகப் பார்த்திருந்தார், படமும் எடுத்திருந்தார். ஒருமுறை செல்போனை நீட்டியபோது ஆறுமுகசாமி கையால் தள்ளிவிட்டாராம். வளையத்தின் படம் ஊரெல்லாம் இருந்தது, பேப்பரில், டிவியில், எல்லார் போனிலும். ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. அவருக்குப் பார்க்க வேண்டியிருந்தது சுஜாதா பார்த்தது. டெலஸ்கோப் வழியாக, அவர்கள் மலையில், அவர் நின்றிருக்க வேண்டிய இடத்தில் நின்று ஒருத்தி பார்த்திருக்கிறாள். அவளிடம் போய் எப்படி இருந்தது என்று கேட்பதா? வருடக்கணக்காக அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. அதைக் கேட்க ஆசைப்படுகிற தம்மைக் கண்டே தமக்கு அருவருப்பாக இருந்தது என்றார்.

2022 அக்டோபரில், தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம், சிறிய சூரிய கிரகணம் ஒன்று இருந்தது. அஸ்தமன நேரத்தில் ஓரமாக ஒரு துண்டு மட்டும் மறையும் என்றார்கள். அன்று மத்தியானமே சுஜாதா மேற்குப் பக்கத்து சன்னலை அடைத்து, அதன் மேல் கம்பளியைத் தொங்கவிட்டு, உள் அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். ஆறுமுகசாமி கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் அம்மா சொன்ன சாஸ்திரம் மனதில் ஏறிவிட்டது என்று நினைத்தார். இருட்டிய பிறகு வெளியே வந்த சுஜாதாவுக்குப் புடவையெல்லாம் வேர்த்து நனைந்திருந்தது. அந்தக் குளிரில்.

பிறகு 2024 அக்டோபரில் ஒரு வால்நட்சத்திரம். மேற்கில், சூரியன் விழுந்ததும், வெறுங்கண்ணுக்கே தெரியும் என்று செய்தி. ஆறுமுகசாமி வாயே திறக்கவில்லை. சுஜாதாதான் கடையில் வைத்துச் சொன்னார்.

"பிக்கட்டிப் பக்கம் போனா மேக்கால நல்லாத் தெறந்திருக்கும்னு லெஸ்லி சார் சொன்னாருங்க. போலாமா?"

"வேண்டாம், சுஜா."

"வாலு தெரியுமாமா. அது சுடாதுல்ல?"

ஆறுமுகசாமி கடையைச் சாத்திவிட்டு வேனை எடுத்தார்.

மஞ்சூர் சாலையில் போய், பிக்கட்டிக்கு அருகே காரட் வயல் ஒன்றின் விளிம்பில் நிறுத்தினார்கள். கீழே பள்ளம் பள்ளமாக மேற்கு விரிந்து கிடந்தது. சூரியன் விழுந்தது. அடிவானத்தில் ஒரு மேகக் கட்டு, சுவர் எழுப்பிய மாதிரி. அதற்கு மேலே வானம் சுத்தமாக இருந்தது. வால்நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மேகம். வயலில் காரட் கழுவிக்கொண்டிருந்தவர்கள் படுகர் மொழியில் ஏதோ பேசிச் சிரித்துவிட்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். மேகம் நகரவில்லை.

"சித்த இருங்க, வெலகும்" என்றார் சுஜாதா.

விலகவில்லை. வெளிச்சம் வடிந்துகொண்டே போயிற்று. அந்த மங்கலில், அவர் முகம் சரியாகத் தெரியாத தைரியத்தில்தான் ஆறுமுகசாமி கேட்டார்.

"அன்னைக்கு நீ என்ன பார்த்தே?"

"இத்தனை வருசமா நீங்க கேக்கவே இல்லையேன்னு இருந்தேனுங்க" என்றார் சுஜாதா. பிறகு சொன்னார்.

"மொதல்ல வெள்ளையா வளையம். மெலிசு. நகைத் தட்டான் தட்டி வெச்சாப்பல. அழகுதான். அப்புறம் மூட்டம் போச்சுங்களா, வெளிச்சம் வந்துது. எனக்குத் தெரிஞ்சுது. இது தப்பு, கண்ணை எடுக்கோணும்னு நல்லாத் தெரிஞ்சுது. ஆனா நான் வளையத்தைப் பாக்கலை. நடுவுல இருந்துதே, அந்தக் கறுப்பு, அதைத்தான் பார்த்தேன். அப்புடி ஒரு கறுப்பு நான் எங்கயும் பார்த்ததில்லீங்க. கெணத்துக்குள்ள எட்டிப் பாக்கறாப்பல. உள்ள இருந்து அதுவும் என்னைப் பாக்கறாப்பல. சுத்தி எரியுது, நடுவுல அது மட்டும் அமைதியா இருக்குது. இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்னு இருந்துட்டேன். நீங்க கத்துனது கேட்டுது. கேட்டும் எடுக்கலை. நீங்கதான் இழுத்தீங்க."

ஆறுமுகசாமி வேனின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க கழட்டுனது தப்புத்தான். இல்லைன்னு சொல்லலை. ஆனா எடுக்காம நின்னது நானு. உங்க மேல எல்லாரும் பழி சொல்றப்ப இதைச் சொல்லியிருக்கோணும். சொன்னா பைத்தியம்னுவாங்கன்னு விட்டுட்டேன்."

"சரி, விடு. போனது போச்சு."

"போகலீங்க." அவர் குரல் முதல் முறையாக உடைந்தது. "அது இங்கயே இருக்குது. ஒத்தக் கண்ணை மூடுனா எல்லாரும் அதுக்குள்ள போயிடறீங்க. அந்தச் சின்ன கிரகணத்தன்னைக்கு எதுக்கு உள்ள பூட்டிட்டு இருந்தேன்னு நெனைக்கறீங்க? சாஸ்திரத்துக்கு இல்லைங்க. வெளிய வந்தா நிமிந்து பாத்துருவேன்னு. இந்த ஒரு கண்ணு மிச்சமிருக்குதே, அதை வெச்சும் பாத்துருவேன். எனக்கு என்னைய நம்ப முடியலை."

முழு இருட்டாகும் வரை அப்படியே நின்றுவிட்டு, வால்நட்சத்திரத்தைப் பார்க்காமலே திரும்பினார்கள். அடுத்த சில நாள்களும் மழை. பேப்பரில் மட்டும் படம் வந்தது.

இதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் என்ன மாறியது என்றால், வெளியே இருந்து பார்க்க எதுவும் மாறவில்லை. சுவாதி இப்போது அப்பாவிடமும் பேசுகிறாள். அம்மா சொன்னதை ஆறுமுகசாமி அவளிடம் சொல்லவில்லை. சொல்லட்டுமா என்று சுஜாதா கேட்டபோது வேண்டாம் என்றாராம். "பழி எம்மேல இருந்துட்டுப் போகுது. அது எனக்குப் பழகிருச்சு. இதை அவ தூக்கிச் சுமக்க வேண்டாம்."

லெஸ்லியிடமிருந்து டெலஸ்கோப்பைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் வரப்போகிற கிரகணங்களின் தேதி மட்டும் முன்பைவிடத் துல்லியமாக வைத்திருக்கிறார். 2027 ஆகஸ்டில் ஒன்று, மாலை வேளை, இங்கே பாதிதான் தெரியும். 2031 மே மாதம் வருவது வளைய கிரகணம். பாதை இந்த முறை தெற்கே, மதுரைப் பக்கமாகப் போகிறது. எங்கள் மலையில் வளையம் விழாது, பெரும்பகுதி மறையும்.

போன மாதம் பழுதுபார்க்கக் கொடுத்த கிரைண்டரை வாங்கப் போனபோது இருவரும் கடையில் இருந்தார்கள். பேச்சுவாக்கில் அந்த ஆகஸ்ட் கிரகணத்தைப் பற்றி ஆறுமுகசாமிதான் சொன்னார். ஆடி மழை இருக்கும், அனேகமாக மூட்டமாகத்தான் இருக்கும் என்றார். முன்பெல்லாம் இதைச் சொல்லும்போது இருக்கும் சலிப்பு அவர் குரலில் இல்லை.

சுஜாதா கையிலிருந்த கம்பியிலிருந்து நிமிரவில்லை.

"மூட்டமா இருந்தாலும் அன்னைக்கு நீங்க கடைக்கு வர வேண்டாம்" என்றார். "ஊட்டுலயே இருங்க. என் கையைப் பிடிச்சுட்டு இருக்கோணும். நான் சத்தம் போட்டாலும் விடக் கூடாது."

"விட மாட்டேன்" என்றார் அவர்.